சான் அன்டோனியோவில் பொம்பிளை பார்த்தது

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பிஸ்கற் தொழிற்சாலையொன்றில் வேலை செய்த சுபாங்கிக்கு முப்பத்துநான்கு வயதாகியும் கலியாணம் ஆகவில்லை. வந்த சம்பந்தமெல்லாம் குழம்பிப்போனது. அதைவிட அவள் நெஞ்சை அறுத்தது தம்பி கீதனின் பிடிவாதம். அக்கா இருக்கத் தான் கட்டுவதில்லை என்று நின்றான். அவனுக்குப் பேசிவைத்த பெண்ணின் வீட்டாரோ, இந்த வருஷம் நடக்காவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆகவே, தொண்ணூற்றாறில் டெக்சாசிலிருந்து அன்புராசாவின் சம்பந்தம் வந்தபோது, ஆள் எப்படியிருந்தாலும் தலையாட்டிவிடுவது என்று அவள் மனதைக் கல்லாக்கிக்கொண்டாள்.

ஊரில் என்றால் கோயில் வீதியில் தற்செயலாகக் கண்டதுபோலக் கண்டு, பேசாமல் போவார்கள். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்க வரவில்லை என்றே ஆகிவிடும். அந்த ஒழுங்கை இரண்டு வீட்டாரும் சான் அன்டோனியோவிலும் விடவில்லை. நகரத்தின் நடுவே பழைய தேவாலயத்துக்கு முன்னாலுள்ள சதுக்கத்தில், ஊர் பார்க்க வந்தவர்கள்போல நிற்கவேண்டும் என்று பேச்சு.

நின்றாள். கீதன் தண்ணீர் வாங்கப் போனான். சும்மா நிற்காமல் நிமிர்ந்து பார்த்தவளின் கண் பிறகு கீழே இறங்கவில்லை. வெள்ளைக் கல் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம் ஒரு பக்கம். எதிரே செங்கல்லைவிடச் சிவந்த கல்லில் நீதிமன்றம். அதன் ஒரு கோபுரம் பச்சை ஓட்டோடு கூராக நிற்க, மற்றது தேன்கூடுபோல உருண்டிருந்தது. இப்படி ஒன்றுக்கொன்று பொருந்தாததை ஒரே கட்டடத்தில் வைக்க எவனுக்குத் துணிவு வந்தது என்று வியந்தாள். ரொறன்ரோவில் இத்தனை வருஷம் இருந்தும் அவள் ஒரு கட்டடத்தை நின்று பார்த்ததில்லை.

பக்கத்தில் தொப்பி போட்ட மெக்சிக்கோக்காரர் ஒருவர் வந்து நின்றார். அவரிடம் கமராவை நீட்டி, நீதிமன்றத்தின் இரண்டு கோபுரமும் படத்தில் விழவேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இன்னும் பின்னுக்கு, இன்னும் குனிந்து என்று கையால் காட்டினாள். அவர் ஒரு வார்த்தை பேசாமல் முழங்காலில் நின்று எடுத்தார்.

தண்ணீரோடு வந்த கீதனின் முகம் வெளிறியது.

"அக்கா, உவர்தான் அன்புராசா அண்ணை. காலமை நான் கண்டு கதைச்சனான்."

அவர்கள் அனுப்பிய ஸ்ரூடியோப் படத்தில் இருந்த அடர்ந்த மீசை அந்த முகத்தில் இல்லை; தொப்பியைப் பார்த்து மெக்சிக்கோக்காரர் என்று நினைத்துவிட்டாள். தன்னால் தம்பியின் வாழ்வும் போயிற்றே என்று நினைத்தாள். தள்ளி மர வாங்கில் உட்கார்ந்திருந்த அன்புராசாவின் தமக்கை எழுந்து வந்தாள்.

"மாப்பிள்ளையை முழங்காலில நிப்பாட்டின பொம்பிளையை இண்டைக்குத்தான் பாக்கிறன். வா தம்பி, போவம்."

சுபாங்கி அவனை நேராகப் பார்த்தாள். "ஆளைத் தெரியேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஆனா நீங்களாவது சொல்லியிருக்கலாமே?"

"சொல்லக்கூடாதெண்டுதானே ஒழுங்கு?" என்றான் அன்புராசா. "எட்டு வருஷமா இதால போறன். உந்தக் கோபுரம் ரெண்டும் வேற வேற எண்டு இண்டைக்குத்தான் கண்டனான்."

பிறகு தமக்கையிடம் திரும்பினான். "அக்கா, நீங்கள் காரில இருங்கோ. நான் இவைக்கு ஆத்தங்கரைக் கட்டடங்களையும் காட்டிப்போட்டு வாறன்."

தமக்கை முறைத்தாள். அவன் அசையவில்லை.

வைகாசியில் சுபாங்கியின் கழுத்தில் தாலி ஏறியது. கீதனின் கலியாணம் ஆவணியில்.