கவிழ்த்து வைத்த கோப்பை

எங்கள் ஸ்கார்த்தம் கிராமத்தில் கடல் தெரு என்று ஒன்று உண்டு. அதில் நேராக நடந்தால் கால் அந்தரத்தில்தான் நிற்கும். பாறையே இல்லாத வெறும் களிமண் மேடு இது. குளிர்காலம் வந்தால் அலை கீழே அரிக்கும், மேலே ஒரு துண்டு சரியும். தேவாலயம் என் தாத்தா காலத்திலேயே கடலுக்குள் போய்ச் சேர்ந்தது. அப்புறம் பள்ளிக்கூடம் போனது, நாங்கள் பீர் குடித்த கடையும் போனது. மிச்சம் இருந்த சில வீடுகளில் விளிம்போரம் டார்கஸ் மெட்ஃபோர்த் வீடு, அதற்கு அடுத்தது என் வீடு.

ஒரு வீடு இனித் தாங்காது என்று தெரிந்துவிட்டால், ஊரே அந்த வீட்டில் கூடிக் கடைசித் தேநீர் குடிப்பது எங்கள் வழக்கம். அவரவர் கோப்பையை அவரவர் கொண்டுபோவோம். வீட்டுக்காரர் தன் தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, கதவைப் பூட்டாமல் வெளியேற வேண்டும். அதன் பிறகு அந்த வாசலை யாரும் மிதிக்கக் கூடாது. எந்த மகராசன் கண்டுபிடித்தானோ, யாரும் இதை மீறியதில்லை.

அந்தத் தேநீருக்கான பெரிய தகரக் கெட்டில் டார்கஸிடம்தான் இருந்தது. அவள் பிறந்ததே அந்த விளிம்போர வீட்டில். நண்டு பிடிக்கிற எட்வின்தான் அவளைக் கட்டிக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தான், அங்கேயே செத்தும் போனான். பிள்ளைகள் இல்லை. ஊரில் எந்த வீடு போனாலும் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக நிற்பாள். "அழறத அப்புறம் அழலாம், முதல்ல கேக்கத் தின்னு" என்று அதட்டியே பலரை வாசல் தாண்ட வைத்திருக்கிறாள்.

போன இலையுதிர் காலத்தில் அவள் முறை வந்தது. தோட்டத்து வேலியும் துணி காயப்போடும் கம்பமும் ஒரே நாளில் கடலுக்குள் போயின. கவுன்சில்காரன் வந்து, வெளியேறச் சொல்லிக் கதவில் ஒரு தாளை ஒட்டினான். அவள் அதைக் கிழித்து அடுப்பில் போட்டாள். "கெட்டித் தாளுடா வில்ஃப், நல்லா எரியுது" என்றாள் என்னிடம்.

அவள் தேநீருக்குக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தோம். கூப்பிட்டால்தானே! ஒரு நாள் சர்க்கரை இல்லை என்பாள், மறுநாள் கெட்டில் ஒழுகுகிறது என்பாள். கேக் செய்து வைத்துக்கொண்டு காத்திருந்த அவள் தோழி ஐவி, அது காய்ந்துபோனதும் இன்னொன்று செய்தாள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏன்க்கா, தூக்கத்துலயே கடலோட போகணும்னு ஆசையா?"

"போனா போறேன், உனக்கென்ன? அடுத்தது உன் வீடுன்னு உதறுதா?"

உதறத்தான் செய்தது. அதனால் இன்னும் கோபம் வந்தது, கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன்.

ஒரு புயலுக்கு மறுநாள் காலையில் கோழிக்கூண்டு இருந்த இடத்தையே காணவில்லை. டார்கஸ் வீட்டுச் செருப்போடு பின்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "முட்டை போட்டுக்கிட்டு இருந்த கோழிங்கடா, பாவம்" என்றாள். உள்ளே போகத் திரும்பியபடி, "சாயங்காலம் எல்லாரையும் வரச் சொல்லு" என்றாள்.

போனோம். அவளே எல்லோருக்கும் ஊற்றினாள். தன் கோப்பையை மட்டும் தொடவில்லை. அவள் கோப்பை காலியாகாமல் தேநீர் முடியாது, முடியாமல் யாரும் எழக் கூடாது. அவள் தேநீரில் ஆடை படிந்தது.

"சூடு பண்ணித் தரட்டுமா டார்கஸ்?" என்றாள் ஐவி.

"வேணாம். எனக்கு ஆறுனாதான் புடிக்கும்."

நாக்கு வெந்துபோகிற சூட்டில் குடிக்கிறவள் அவள், எங்களுக்குத் தெரியாதா? குடி என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. குடிக்காதே என்றும் சொல்ல முடியவில்லை. கேனையன்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அவள்தான் எங்கள் மேல் இரக்கப்பட்டாள். "இப்படியே உக்காந்திருந்தா ஐவிக்கு முட்டி வலிக்கும்" என்று சொல்லிவிட்டு ஒரே மடக்கில் குடித்தாள், கோப்பையைக் கவிழ்த்தாள், கோட்டை மாட்டிக்கொண்டாள்.

நகரத்தில் கவுன்சில் கொடுத்த ஒற்றை அறைக்குப் போனாள். வீடு அந்த வாரமே விழுந்துவிடும் என்று நினைத்தோம். விழவில்லை. கடலுக்கு என்ன கொழுப்போ, அதை விட்டுவிட்டு இரண்டு பக்கத்து மண்ணையும் தின்றது. குளிர்காலம் போய் வசந்தமும் வந்துவிட்டது, வீடு அப்படியே நின்றது.

வேகவைத்த நண்டை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் அவளைப் பார்க்கப் போனேன்.

"நிக்குதாடா?"

"நிக்குதுக்கா."

முதலில் சிரித்தாள். அப்புறம் முகம் சுருங்கிவிட்டது. "அப்போ இந்தக் குளிர் பூரா நான் அங்க இருந்திருக்கலாம்ல?"

நண்டை உடைத்துத் தட்டில் வைத்தேன். அவள் தொடவில்லை.

"கோப்பை?"

"அப்படியேதான் இருக்கு. ஜன்னல் வழியா தெரியுது."

"நீ போய் அதை நிமித்தி வெச்சிடேன். நிமித்திட்டா டீ இன்னும் முடியலைன்னுதானே கணக்கு?" என் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரிடமும் எதையும் கேட்காதவள் கேட்கிறாள்.

திரும்பி வந்ததும் கவுன்சில் போட்ட முள்கம்பி வேலிக்குள் நுழைந்து அவள் வாசல் வரை போனேன். கதவு பூட்டில்லாமல் இருந்தது. தாழ்ப்பாளில் கையை வைத்தேன். காலடியில் எங்கோ மண் பொலபொலவென்று உதிர்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பயந்தேனா, வழக்கத்துக்குப் பயந்தேனா, இன்று வரை தெரியவில்லை. கையை எடுத்துவிட்டேன்.

அடுத்த முறை நகரத்துக்குப் போனபோது அவள் அறை வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தாள்.

"நிமித்துனியாடா?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்ல முடியும்?

"நிமித்திட்டேன்க்கா."

அவள் உள்ளே போனாள். கதவுக்குப் பின்னால் தொங்கிய கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, பொத்தானைப் போட்டபடியே கேட்டாள்:

"ஊருக்கு அடுத்த பஸ் எப்போ?"