நளீமாவும் மருதமுத்து படுக்காத கட்டிலும்

வியாழக்கிழமை காலை கம்பளையிலிருந்து நளீமாவின் மகள் பேசினாள். "சரோ அன்ட்டி, உம்மா மவுத்தாகிட்டாங்க. லுஹர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்." கண்டியிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் நிற்க இடமில்லை. தோட்டங்களிலிருந்து வந்த வயதானவர்கள் வீதி வரைக்கும் நின்றார்கள். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றிய முதல் எண்ணத்தை மறைக்க விரும்பவில்லை. என் சாவுக்கு இத்தனை பேர் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

அவளைப் பற்றி நல்லது சொல்ல, அவளை அறிந்த உங்களில் பலர் இருக்கிறீர்கள். நான் பல வருடங்கள் அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவள். கண்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் கிளையில், மருத்துவக் கோரிக்கைகளைச் சரிபார்ப்பது எங்கள் இருவரின் வேலை. வேகத்தில் நான்தான் முன்னால். என் மேசையில் ஒரு கோப்பும் தேங்கியதில்லை. ஆனாலும் வயதானவர்கள் எனக்கு முன்னால் காலியாகக் கிடக்கும் கதிரையைத் தாண்டிப்போய் அவளிடம் வரிசையில் நிற்பார்கள். "அங்க இடமிருக்கே, போங்க" என்று அவளே சொன்னாலும், "பரவாயில்லம்மா, நிக்கிறோம்" என்பார்கள். எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் மருதமுத்து வந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். இரண்டு கண்ணிலும் புரை. மகன் எடுத்துக் கொடுத்த காப்புறுதியில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். நளீமாவின் வரிசை நீளமாக இருந்ததால் அன்று என்னிடம் வந்தார். பதிவைப் பார்த்தேன். அவர் ஒரு தனியார் வைத்தியசாலையில் மூன்று நாள் தங்கியதாகக் கோரிக்கை போய், அந்த வருடத்துக்கான காப்புறுதித் தொகை முழுதும் முடிந்திருந்தது.

"முடிஞ்சிருச்சிங்க ஐயா. அடுத்த வருசம் வாங்க" என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. "அடுத்த வருசம் வரைக்கும் எப்புடிம்மா? சோத்துத் தட்டே தெரியலயே."

நளீமா அவரைத் தன்னிடம் கூப்பிட்டு, ஆஸ்பத்திரியில் தங்கியதாகப் பதிவிலிருந்த திகதிகளைச் சொன்னாள். "ஐயா, அந்த மூணு நாளும் ஒங்களுக்குக் கட்டில் எந்தப் பக்கம்? சோறு யாரு கொண்டு வந்த?"

"நான் எங்கம்மா ஆஸ்பத்திரில படுத்தேன்? தம்பி மக கலியாணத்துல வாசல்ல நின்னு எல்லாரையும் வாங்க வாங்கன்னுக்கிட்டு இருந்தேன்."

"அடையாள அட்டைய யாருக்கும் குடுத்தீங்களா?"

"இலவசமா கண்ணு பாக்குறோம்னு கோயில் மண்டபத்துக்கு வந்தாங்களே, அவுங்க வாங்கிக் கொப்பி எடுத்தாங்க. வெத்துத் தாள்ல கைநாட்டும் கேட்டாங்க. எங்க தோட்டத்து லயத்துல வயசானவங்க எல்லாரும்தான் போட்டோம்."

நளீமா கோப்பை எடுத்துத் திறந்தாள். கோரிக்கையை அனுமதித்துக் கீழே இருந்தது என் கையெழுத்து. கோப்பை மூடினாள். பிறகு என்னிடம் மட்டும், "தாள்ல ஒரு பிழையும் இல்ல சரோ. நீ தாளத்தான் கேட்ட. ஆளக் கேக்கல்ல" என்றாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போனாள். படுக்காத கட்டில்களுக்கெல்லாம் ஆட்களின் வாக்குமூலத்தை எழுதி எடுத்தாள். யார் கையெழுத்து என்று முகாமையாளர் கேட்டபோது, "எங்க பிரிவு, சேர்" என்றதோடு நிறுத்திக்கொண்டாள். இலவசக் கண் முகாம் நடத்தியவன் பிடிபட்டான். பொய்க் கோரிக்கைகள் நீக்கப்பட்டன. அதற்குள், காப்புறுதி இப்படி முடிந்துபோனவர்களில் இரண்டு பேர் வைத்தியம் இல்லாமலே இறந்துபோயிருந்தார்கள். மருதமுத்துவுக்குக் கண் கிடைத்தது.

அவர் ஒரு பை நிறைய ஆனைக்கொய்யாவோடு வந்தார். அதுவரை குரலை மட்டுமே அறிந்தவர். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் முன்னால் வந்து, "நீங்கதானே நளீமாம்மா?" என்றார். நான் இல்லையென்று சொல்லவில்லை. வாய் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று சிரித்துக்கொண்டு பையை வாங்கினேன். அவர் என் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பக்கத்து மேசையில் நளீமா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவர் படியிறங்கும்வரை ஒரு சொல் பேசவில்லை, என்னைக் காப்பாற்ற. பிறகு, "பழத்துல பாதி எனக்கு" என்றாள்.

அதற்காக நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டதில்லை.

இப்போது எங்கள் தெருவில் வயதானவர்கள் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடுமுன் என்னிடம் கொண்டுவருகிறார்கள். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, யார் வந்தது, என்ன கேட்டது என்று அவர்களை விசாரிக்கிறேன். விசாரிக்கும் அந்த முறை அவளுடையது. நன்றி மட்டும் எனக்கு வருகிறது. அவளாக இருந்தால் இதைவிட நன்றாகக் கேட்டிருப்பாள் என்று ஒவ்வொரு முறையும் தெரிகிறது, ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது. நளீமாவை அடக்கம் செய்துவிட்டார்கள். என் பொறாமை இன்னும் அடங்கவில்லை.