பிரேக்கைப் பற்றி யாரும் கேட்காதீர்கள்

எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று பேருந்து நிலைய ஒலிபெருக்கியில் சொல்வது அத்தையின் வேலை. அவருடைய குரலை ஊருக்கே தெரியும். முகத்தைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். காய்கறிக் கடையில் அத்தை அரைக் கிலோ வெங்காயம் கேட்டால், பக்கத்தில் நிற்பவர் அவசரமாகப் பையைத் தூக்கிக்கொள்வாராம், வண்டி கிளம்பப் போகிறதென்று. அத்தையே சொல்லிச் சிரிக்கும் கதை இது. எவ்வளவு நிஜம் என்று நான் விசாரித்ததில்லை.

அவர் எனக்குச் சொந்த அத்தை இல்லை. என் அப்பா அதே நிலையத்திலிருந்து பேருந்து ஓட்டியவர். அப்பாவை அவர் 'அண்ணே' என்று கூப்பிட்டார், அதனால் எனக்கு அத்தை ஆனார். அந்த உறவில் நான் எவ்வளவு அதிர்ஷ்டக்காரி என்பது இந்த முறை ஊர் திரும்பியபோதுதான் எனக்குப் புரிந்தது.

காலில் சக்கரம் கட்டியவள் என்று வீட்டில் எனக்குப் பெயர். நெடுநாள் சுற்றிவிட்டு, முதுகுப்பையோடு மாடிப்படி ஏறினேன். மேலேயிருந்து குரைப்பு வரவில்லை. கதவைத் திறந்த அம்மா உதட்டில் விரல் வைத்தாள்.

"பிரேக் போயிடுச்சுடி. சிறுநீரகம் கெட்டுப்போச்சுன்னு டாக்டர் சொன்னாரு. அப்பாகிட்ட ஒண்ணும் கேக்காத."

"ஏம்மா எனக்குச் சொல்லல?"

"எங்கயோ ரயில்ல உக்காந்து நீ அழுவ. அங்க உன் மூக்கை யாரு துடைச்சு விடுவா?"

பிரேக் எங்கள் நாய். அப்பா ஓய்வு பெற்ற புதிதில் பணிமனைக்குப் பின்னாலிருந்து தூக்கி வந்த குட்டி. நடக்கக் கூட்டிப்போனால் நூறடிக்கு ஒரு முறை நின்றுவிடும். கறிக்கடை, தையல் கடை, மருந்துக் கடை என்று அதற்கென்று நிறுத்தங்கள் உண்டு. நிறுத்தம் வந்துவிட்டால் யார் இழுத்தாலும் நகராது. அதனால்தான் அந்தப் பெயர். கடைக்காரர்கள் முதலில் அதோடுதான் பேசினார்கள், பிறகு அப்பாவோடு.

இப்போது அப்பா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார், தலையைத் தடவினார், மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாய் போனதிலிருந்து படியிறங்கவே இல்லையாம். அவருக்குச் சர்க்கரை வியாதி. தினமும் நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாத்திரையைக் கூட்டியும் அளவு இறங்கவில்லை. பாதம் மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்று வேறு சொல்ல ஆரம்பித்திருந்தார்.

"நான் செத்தாக்கூட இந்த மனுஷன் இப்படி உக்கார மாட்டாரு" என்றாள் அம்மா, அவர் காதில் விழும்படி.

"நீ எங்க சாகப் போற?" என்றார் அப்பா திரும்பாமல். "என்னை வழியனுப்பிட்டுத்தான் மறுவேலை பாப்ப."

அடுத்த விடுமுறை நாளில் அத்தை வந்தார். கையில் வெந்நீர்க் குடுவை. நாளெல்லாம் பேசித் தொண்டை வீங்கிக்கொள்வதால், வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் ரகசியம் சொல்கிற மாதிரிதான் பேசுவார். நாற்காலியை அப்பா பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏன்ணே கீழ இறங்கல?"

"எறங்கினா எல்லாரும் கேப்பாங்கம்மா. எங்க பிரேக்கு, எங்க பிரேக்குன்னு. ஒவ்வொரு கடையிலயும் நின்னு நின்னு நான் எப்படிச் சொல்றது?"

"அவ்வளவுதானே? நாளைக் காலையில சும்மா இறங்கிப் பாருங்கண்ணே." பிறகு என் பக்கம் குனிந்து, "யாரும் கேக்காம நான் பாத்துக்கறேன்" என்றார்.

என்னையும் கூட்டிக்கொண்டு அத்தை தெருவில் இறங்கினார். கடை கடையாக ஏறி ஒரே வாசகத்தை, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார். "டிரைவர் அண்ணனோட பிரேக் இறந்துடுச்சு. நாளைக் காலையில அண்ணன் நடக்க வருவாரு. அதைப் பத்தி யாரும் அவர்கிட்ட கேக்காதீங்க."

கறிக்கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "ஐயோ, அதான் காணோமா? நான் தினம் எலும்பை எடுத்து வச்சுட்டு, மனுஷன் வேற கடைக்கு மாறிட்டாருன்னுல்ல திட்டிக்கிட்டு இருந்தேன்!"

"அவர்கிட்ட இதையெல்லாம் சொல்லாதீங்க."

"வாயே திறக்க மாட்டேன்க்கா."

மறுநாள் அப்பா சட்டை மாட்டிக்கொண்டு இறங்கினார். அம்மா சமையலறையிலிருந்து கண்ணாலேயே எனக்குச் சிரித்துக் காட்டினாள். ஆனால் அடுப்பிலிருந்த பால் பொங்குவதற்குள் அவர் திரும்பிவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"என்னப்பா?"

"கறிக்கடைக்காரன் என்னைப் பாத்ததும் கத்தி தீட்ட ஆரம்பிச்சுட்டான். தையல்காரன் குனிஞ்சு மெஷினை மிதிக்கிறான், மிதிக்கிறான், அதுல துணியே இல்ல. மருந்துக் கடையில அந்தப் பொண்ணு உள்ள ஓடிடுச்சு." காலிலிருந்த செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினார். "இத்தனை வருஷம் ஒவ்வொரு வாசல்லயும் நின்னுச்சு. செத்துப்போச்சான்னு கேக்க ஒருத்தனுக்கும் தோணலையே. நாய்தானேன்னு விட்டுட்டாங்க. இனிமே நான் அந்தப் பக்கமே போகல."

அத்தை சொல்லித்தான் அவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அத்தை மேல் அப்பாவுக்கு வருத்தம் வந்துவிடுமோ என்று விழுங்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு ஓடினேன்.

அறிவிப்பு அறை, ஒரு கட்டில் போட்டால் நிரம்பிவிடும் அளவுதான். சுவரெல்லாம் முட்டை அட்டை மாதிரி மேடுபள்ளமான கறுப்புப் பஞ்சு. கண்ணாடிக்கு வெளியே ஜனங்கள் வாயசைப்பது தெரியும், சத்தம் கேட்காது. இரண்டு அறிவிப்புகளுக்கு இடையே கிடைத்த துண்டு நேரங்களில் நடந்ததைச் சொல்லி முடித்தேன். அத்தை ஒலிவாங்கியை அணைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இங்க நான் ஒழுங்கா சொல்லிட்டா ஒருத்தரும் வந்து கண்ணாடியைத் தட்டிக் கேக்க மாட்டாங்க. கேள்வி வரலைன்னா வேலை சுத்தம்னு அர்த்தம். அதே கணக்கை அங்கயும் போட்டுட்டேன் பாரு."

பிறகு வெந்நீரை மூடியில் ஊற்றிக்கொண்டே, நான் கேள்விப்பட்டே இராத ஒன்றைச் சொன்னார். அவர் கணவர் இன்னொருத்தியோடு ஊரை விட்டுப் போனது இந்த நிலையத்திலிருந்துதானாம். அந்த வண்டி கிளம்புவதை அறிவித்ததும் அத்தைதான்.

"சரியான நேரத்துக்குக் கிளம்பிச்சு. அதுல ஒரு குறையும் இல்ல" என்று சிரித்தார். "மறுநாள் நான் வேலைக்கு வந்தா, டிக்கெட் கொடுக்கறவங்க, கூட்டறவங்க எல்லாரும் என்னைப் பாத்ததும் வழியை மாத்திக்கிட்டாங்க. பாவம், நல்ல எண்ணம்தான். எனக்கு என்னமோ தொத்து வியாதி வந்த மாதிரி ஆயிடுச்சு. உங்கப்பாதான் வண்டியை ஓரங்கட்டிட்டு வந்து, இதோ இந்தக் கதவைத் தள்ளி, 'என்னம்மா ஆச்சு, உக்காந்து சொல்லு'ன்னாரு. அன்னைக்கு அவரோட வண்டி தாமதம். ஏன் தாமதம்னு நான் அறிவிக்கல. அப்படி இருந்த மனுஷனுக்குப் போய் ஊர் வாயைக் கட்டிட்டு வந்தேனே!"

வேலை முடிந்த கையோடு என்னோடு வீட்டுக்கு வந்தார். அப்பாவிடம் ஒளிக்கவில்லை.

"அண்ணே, அவங்களை ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. நான்தான் யாரும் கேக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சேன். புத்தி கெட்ட வேலை. இப்ப நான் கேக்கறேன். எப்படிண்ணே போச்சு பிரேக்கு?"

அப்பா அவரையே பார்த்தார். அம்மா கரண்டியோடு வந்து நிலைப்படியில் நின்றாள்.

"தண்ணி குடிக்கல..." என்று ஆரம்பித்தார் அப்பா.

"எப்பலேர்ந்து?"

அப்பா சொன்னார். டாக்டர் மேசையில் படுக்க வைத்தபோது அது எழுந்து நிற்கப் பார்த்ததைச் சொன்னார். அம்மா குறுக்கே, "அதுக்கு முன்னாடி என் கையில ரெண்டு வாய் சோறு தின்னுச்சே, அதை விட்டுட்டீங்களே" என்றாள். அத்தனை நாளும் கேட்காதே என்று என்னைத் தடுத்தவள் அழுதுகொண்டிருந்தாள். அத்தை ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. "அப்புறம்?" என்பார், "எந்தப் பக்கம் படுத்திருந்துச்சு?" என்பார். முடிந்ததும், "அண்ணே, மருந்துக் கடை வாசல்ல படுத்துக்கிட்டு எழுந்திரிக்கவே மாட்டீங்களே, அந்தக் கதையைச் சொல்லுங்க" என்றார். என்ன உளறினோம் என்று அவருக்கே உறைத்ததும் நாலு பேரும் சிரித்துவிட்டோம். நாய் போன பிறகு அப்பா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

போகும்போது அத்தை மறுபடி எல்லாக் கடையிலும் ஏறி இறங்கியிருக்கிறார். இந்த முறை என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலை நடக்கப் போன அப்பா, வெயில் ஏறியும் வரவில்லை.

"போய்ப் பாருடி, எங்க நிக்கறாருன்னு" என்றாள் அம்மா.

அவர் கறிக்கடையையே தாண்டியிருக்கவில்லை. கடைக்காரர் ஈரக் கையின் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா அவர் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகும் தையல் கடையில் ஒரு முறை, மருந்துக் கடையில் ஒரு முறை முழுக்கதையும் ஆனது. நான் கூடவே நின்று கேட்டேன். ஒவ்வொரு கடையிலும் கதை கொஞ்சம் வளர்ந்தது.

திரும்பும்போது அப்பா என் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"கறிக்கடைக்காரன்தான் ரொம்ப உடைஞ்சு போயிட்டான்" என்றார். "நாளைக்கும் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரணும்."