எர்மிந்தா யாரைப் பார்த்தாள்

போயேதோ பேட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள் எர்மிந்தா. புருஷன் வேறொருத்தியோடு ரொசாரியோ நகரத்துக்குப் போய்விட்ட பிறகு, ஐம்பது வயதில் டாங்கோ கற்க ஆரம்பித்தாள். எங்கள் ஞாயிறு மதிய நடனக்கூடத்துக்கு அவளைக் கூட்டி வந்தது நான்தான்.

அங்கே யாரும் வாய் திறந்து ஆட அழைப்பதில்லை. பெண்கள் ஒரு சுவரோரம், ஆண்கள் எதிர்ச்சுவரோரம். பாட்டு தொடங்கியதும் ஆண் எட்ட இருந்தே ஒருத்தியைப் பார்ப்பான். பிடித்தால் அவளும் பார்ப்பாள், தலை லேசாக அசையும், அவன் தளத்தைக் கடந்து வருவான். பிடிக்காவிட்டால் பார்வையைத் திருப்பிக்கொண்டால் போதும். யார் மானமும் போகாது.

எர்மிந்தாவின் மானத்தை அனிபால் வாங்கினான். எங்களில் அவனைவிட நன்றாக ஆடுபவன் இல்லை. அந்தத் திமிரும் அவனுக்கு உண்டு. பச்சை உடையில் உட்கார்ந்திருந்தவளை நேராகப் பார்த்துத் தலையசைத்தான். இவள் முகம் மலர எழுந்து நின்றாள். அவன் வந்து, இவளைத் தாண்டிப் போய், பின்வரிசையில் இருந்த கிளாரிசாவிடம் கையை நீட்டினான்.

"உங்களைத்தான்னு நெனச்சீங்களா அம்மணி? கண்ணாடிக் கடையில இருந்துக்கிட்டு நல்லதா ஒண்ணு போட்டுக்கக் கூடாதா?"

எதிர்ச்சுவரில் அவன் கூட்டாளிகள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். முன்கூட்டியே பேசி வைத்துச் செய்தது என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. எர்மிந்தா உட்கார்ந்து, தட்டில் இருந்த, கறி அடைத்த எம்பனாடாவைக் கடைசித் துணுக்கு வரை மென்று தின்றாள். அழவில்லை.

மறுநாள் கடையில் கண் டாக்டரிடம் கேட்டாளாம்: "எட்ட நிக்கிறவர் நம்மளைத்தான் பாக்குறார்னு எப்படி டாக்டர் தெரியுது?"

"கருவிழிக்கு ரெண்டு பக்கமும் வெள்ளை எவ்வளவு தெரியுதுன்னு மூளை பாக்கும். முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னும் சேத்துக்கும். தூரமா இருந்து வெளிச்சமும் கம்மின்னா அதுக்குக் குழப்பம். அப்போ, என்னைத்தான் பாக்குறாங்கன்னு அதுவா முடிவு பண்ணிக்கும்."

"பெரிய கொம்பனுக்குமா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "யாரும்மா அந்தக் கொம்பன்?"

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் வேறொரு பேட்டையில் ஆட்டம் பழகினாள். சாயங்காலங்களில் என் வீட்டுக்கு வந்து, முகத்தை என் பக்கம் வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் நகர்த்திப் பழகினாள்.

"இப்போ யாரைப் பாக்குறேன், சொல்லுடி."

"என்னைத்தான்."

"உன் தோளுக்குப் பின்னாடி இருக்கிற கெட்டிலை."

நான் திரும்பிப் பார்த்தேன்.

வசந்தத்தில் திரும்பி வந்தபோது அவள் ஆட்டத்தைப் பார்த்து ஆண்கள் வாய் பிளந்தார்கள். அனிபாலும்தான். பழசையெல்லாம் அவள் மறந்திருப்பாள் என்று நினைத்தானோ என்னவோ, ஞாயிறுதோறும் அவளையே பார்த்தான். அவள் ஒவ்வொரு முறையும் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அவனுக்கு ஏக்கம் ஏறட்டும் என்று காத்திருந்தாள்.

கூடத்தின் ஆண்டு விழா. நிற்க இடமில்லாத கூட்டம். கடைசிச் சுற்றுக்குப் பாட்டு தொடங்கியது. அனிபால் தூணருகே நின்றான். அவன் தோளுக்குப் பின்னால் பஸ் ஓட்டும் சவேரியோ உட்கார்ந்திருந்தார். எர்மிந்தா முகத்தை அனிபால் பக்கம் திருப்பி, கண்ணைச் சவேரியோ மேல் வைத்துத் தலையசைத்தாள். சவேரியோவும் தலையசைத்தார். அனிபாலும் அசைத்தான். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, ஊரே பார்க்க, வெறும் தளத்தைக் கடந்து வந்து கையை நீட்டினான்.

எர்மிந்தா உட்கார்ந்தபடியே இருந்தாள். "கொஞ்சம் நகருங்க. அவர் வர்ற வழியில நிக்கிறீங்க."

பின்னால் வந்து நின்ற சவேரியோ தயங்கினார். "என்னைத்தானே கூப்பிட்டீங்க?"

"உங்களைத்தான்."

அனிபால் மேசைகளுக்கு நடுவே ஒற்றை ஆளாகத் திரும்பி நடந்தான். இம்முறை சிரித்தது பெண்கள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு எந்தப் பெண் தலையசைத்தாலும் அவன் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தான். அதற்குள் அவள் வேறு யாரோடாவது ஆடப் போயிருப்பாள். இலையுதிர்காலத்தில் வருவதையே நிறுத்திவிட்டான்.

"இப்போ மனசு ஆறிடுச்சா?" என்று கேட்டேன்.

"இல்லை."

போன வாரம் கிளாரிசா வந்து சொன்னாள், அனிபால் இப்போது அல்மாக்ரோ பேட்டையில் ஒரு கூடத்துக்குப் போகிறானாம், அங்கே அவனுக்கு நல்ல பேராம். எர்மிந்தா ஆட்டச் செருப்பின் வாரை இறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அங்க எந்தக் கிழமை ஆட்டம்?"