இஃபிகெனியாவின் பக்கம்

கிரேக்க நாட்டுப் பிராரோன் கோயிலில் காணிக்கைத் துணிகளை வாங்கி வைப்பது தெயானோவின் வேலை. கணவன் கடலோடு போன பிறகு கிடைத்த பிழைப்பு. பிள்ளை பெற்றுப் பிழைத்தவள் தன் ஆடையை ஆர்ட்டெமிஸ் தேவிக்குக் கொண்டுவருவாள். பிரசவத்தில் செத்தவளின் ஆடையை யாராவது அதே கோயிலில் இருக்கும் இஃபிகெனியா தேவிக்குக் கொண்டுவருவார்கள். அவள் தறியில் பாதி நெய்து விட்டுப்போன துணி இருந்தால் அதையும். வாசலில் தெயானோ கேட்பது ஒரே கேள்வி. "எந்தப் பக்கம்?" பதிலுக்குத் தக்கபடி முகத்தை மட்டும் மாற்றிக்கொள்வாள்.

திருவிழா நெருக்கத்தில் அவள் கோயிலிலேயே தங்கியிருந்தாள். முடிந்ததும் ஹலாய் ஊருக்குப் போக வேண்டும். மகள் அர்கிப்பே அங்கே நிறைமாதமாக இருந்தாள். தலைப்பிரசவம்.

அன்று காலை திராத்தா என்ற அடிமைப்பெண் மூட்டையோடு வந்து படியில் உட்கார்ந்தாள்.

"தண்ணி குடுங்கக்கா. கழுதைகூட இவ்வளவு தூரம் நடக்காது."

"கழுதை இவ்வளவு பேசாது. எந்தப் பக்கம்?"

"இஃபிகெனியா." அவள் குரல் தாழ்ந்தது. "எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு. அந்த வீட்டாளுங்களுக்குத் தீட்டு, கோயிலுக்கு வரக்கூடாதே. அதான் எங்க வீட்டம்மா என்னைத் தள்ளிவிட்டாங்க. பொண்ணோட அம்மா வீட்டுக்கும் ஆள் போயிருக்கு. எப்படித் தாங்குவாங்களோ."

தெயானோ மூட்டையை அவிழ்த்தாள். சிவப்புக் கம்பளித் துணி, பாதி நெய்தது. கரையில் அலை அலையாக வேலைப்பாடு. மூலையில் மட்டும் அலை எதிர்ப்பக்கமாகச் சுருண்டிருந்தது.

எத்தனை தடவை பிரித்து நெய்யச் சொன்னாலும் அர்கிப்பேக்கு மூலை அலை அப்படித்தான் விழும்.

தெயானோவின் விரல்கள் அந்த அலை மேலேயே நின்றுவிட்டன. காதுக்குள் ஒரு சத்தமும் இல்லை. திராத்தாவின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

"பிள்ளை?" என்று கேட்டது தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை.

"பொண்ணு. உசுரோட இருக்கு. அது கத்துற கத்துல தெருவே தூங்கல."

இப்போது வாய்விட்டு அழுதால் அவள் செத்தவளின் தாய். அவளுக்கும் தீட்டு. இந்த வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். துணியை வேறு யாரோ வாங்கிக்கொண்டு போய், மற்ற துணிகளோடு அடியில் திணிப்பார்கள்.

தெயானோ அழவில்லை. துணியை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள். உள்ளே போய், இஃபிகெனியாவின் அலமாரியில் எல்லாவற்றுக்கும் மேலே, மூலை அலை வெளியே தெரியும்படி வைத்தாள்.

திரும்பியபோது எதிரே பூசாரியம்மா.

"என்னடி மூஞ்சி இப்படி வெளுத்துக் கிடக்கு?"

"தீட்டும்மா. மக போயிட்டா."

பூசாரியம்மா ஆடையை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள்.

"உள்ள வர்றதுக்கு முன்னாடி தெரியுமா, அப்புறமா?"

"முன்னாடியே தெரியும்."

"தெரிஞ்சுமா வந்தே? இத்தனை வருஷம் இங்க இருந்தவ நீ."

"வெச்சுட்டேன்மா."

பூசாரியம்மா அலமாரியைப் பார்த்தாள். தேவிக்கு வைத்ததை எவரும் திருப்பி எடுக்க முடியாது, அவளாலும் முடியாது.

"கடல் தண்ணி கொண்டாங்க, தரை பூராக் கழுவணும்" என்று வெளியே பார்த்துக் கூப்பிட்டாள். பிறகு தெயானோவின் முகத்தைப் பார்க்காமலே, "நீ போ" என்றாள்.

படியில் திராத்தா இன்னும் உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திரு. ஹலாய்க்குப் போகணும்."

"இப்பத்தானேக்கா வந்தேன். அங்க உங்களுக்கு யாரு..." வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நட," என்றாள் தெயானோ. "குழந்தைக்கு யாரு பால் குடுக்கறா?"