அடுப்புச் சாமியின் வாகனம்

ஓசூரில் எங்கள் மாடியில் ஒரு வியட்நாம் பெண் குடியிருந்தாள். ஷூ கம்பெனியில் தையல் சொல்லிக்கொடுக்க வந்தவள். சமைக்காத நாளிலும் அடுப்பைத் துடைத்துவிட்டுத்தான் படுப்பாள்.

தை மாதம் ஒருநாள் காலையிலேயே இனிப்புச் சோறு பொங்கி, சாமிக்கென்று காகிதத்தில் தொப்பிகள் செய்து வைத்துவிட்டு, என்னை மீன் கடைக்கு இழுத்துப்போனாள். தொட்டியில் நீந்திய கெண்டையை அவள் காட்டியதுமே கடைக்காரர் அதை எடுத்து அதன் தலையில் ஒரு போடு போட்டுவிட்டார்.

"அய்யோ, உயிர் வேணும் அக்கா!"

அவள் என்னிடம் கத்தியதைக் கடைக்காரருக்கு நான் சொல்வதற்குள் அடுத்ததையும் அடித்தார். அவள் நகரவில்லை. சட்டை நனைய, தானே தொட்டிக்குள் கைவிட்டு ஒன்றைப் பிடித்துப் பக்கெட்டில் போட்டாள்.

"வெட்டாம என்னம்மா பண்ணுவீங்க?" என்றார் கடைக்காரர்.

"அவங்க அடுப்புச் சாமி இன்னைக்கு வானத்துக்குப் போகுதாம். மத்தியானத்துக்குள்ள கிளம்பணுமாம். இதுதான் வாகனம்," என்றேன்.

"வாகனமா? மொதல்லயே சொல்றதில்லையா!" கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கெட்டைக் கும்பிட்டார்.

ஏரியில் மீனை விட்டதும் கேட்டேன்: "சாமி எப்போ திரும்பும்?"

"எங்க புது வருசம், ஒரு வாரத்துல. அதே அடுப்பு."

அந்தப் புது வருட லீவுக்கு ஊருக்குப் போனவளைக் கம்பெனி அங்கிருக்கும் கிளையிலேயே நிறுத்திக்கொண்டது. மாடி அடுப்பை இப்போது நான் துடைக்கிறேன். திரும்பி வந்த சாமி, வீடு மாறி வந்துவிட்டோமோ என்று நினைத்துவிடக் கூடாதே.