சபுராவின் வெற்று லூப்

சபுராவின் நிரலில் தவறே இல்லை. தவறு என்னுடையது. இதை அவளிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

தென்காசியில் நாங்கள் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டரில் இருந்தது ஒரே இயந்திரம். குற்றாலத்து லாட்ஜ் ஒன்றுக்காக இருவரும் சேர்ந்து நிரல் எழுதினோம். என் பகுதி பாஸ்கல் மொழியில். அவளுடையது சி மொழியில். தங்க வந்தவர்களின் பெயர்களை அவள் நிரல் வரிசைப்படுத்தும். இரண்டில் எது முன்னே என்று கேட்க, ஒவ்வொரு முறையும் என் நிரலில் உள்ள ஒரு சிறு பகுதியை, ஃபங்ஷனை, திரும்பக் கூப்பிடும். பெயர்ப்படியா, தேதிப்படியா என்ற குறிப்பை நினைவகத்தில் வைத்து, அதன் முகவரியை அவள் நிரலுக்கு நான் முன்னதாகவே கொடுத்துவிடுவேன். கூப்பிடும்போது அவள் நிரல் அதை அப்படியே எனக்குத் திருப்பித் தரும்.

ஓட்டிப் பார்த்தால் பெயர்கள் தாறுமாறாக நின்றன. வந்ததோ குப்பை! "என் பக்கம் சரி," என்றேன். மூன்று நாள் அதையே சொன்னேன்...

"கண்ணு பூத்துப் போச்சுட்டி கோமு. தேடுதேன், தேடுதேன், ஒண்ணும் அம்புடல," என்றாள் சபுரா. சரியாகாவிட்டால் சி வகுப்பு எடுக்கும் வேலை அவளுக்குக் கிடையாது என்று முதலாளி சொல்லியிருந்தார்.

விவரம் கேட்க நான் லாட்ஜுக்குப் போனேன். நல்ல சாரல். பலாப்பழம் சுமந்துவந்த ஒருவர் அறைக் கதவைத் தட்டினார். ஈரத்தலையோடு வேறு யாரோ திறந்தார்.

"எம் பொண்ணு இங்கனதான இருக்கா?"

"அவங்க காலையிலயே காலி பண்ணிட்டாங்க அண்ணாச்சி. பழத்த வேணா வச்சிட்டுப் போங்க."

அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நான் திகைத்து நின்றேன். நான் கொடுத்த முகவரியும் இப்படித்தானே? அந்தக் குறிப்பு என்னுடைய வேறொரு சிறு ஃபங்ஷனுக்குள் இருந்தது. ஃபங்ஷன் முடிந்ததும் அந்த இடம் காலி; அங்கே வேறேதோ குடியேறிவிடுகிறது.

சந்தோஷம் தாங்காமல் உடுத்த துணியோடு அருவியில் போய் நின்றேன்!

மறுநாள் யாரும் வருமுன் குறிப்பை, நிரல் முடியும்வரை அழியாத இடத்துக்கு மாற்றினேன். அன்றைக்கே சபுரா தன் நிரலில் ஒன்றுமே செய்யாமல் சும்மா சுற்றிவரும் ஒரு லூப்பைச் சேர்த்தாள். "உன் பாஸ்கல் நடக்குது, என் சி ஓடுது. நடுவுல மிஷின் கொஞ்சம் மூச்சு விடட்டும்."

ஓட்டினோம். பெயர்கள் ஒழுங்காக வந்து நின்றன. தன் லூப்தான் காப்பாற்றியது என்று அவள் என்னைத் தூக்கிச் சுற்றினாள். சென்டருக்கே பரோட்டா வாங்கித் தந்தாள். பிறகு தனியே அழைத்து, "என்னால உனக்கு மூணு நாள் வீணாப் போச்சு. மன்னிச்சுக்கோட்டி," என்றாள்.

நான் மன்னித்தேன்!

ஏன் சொல்லவில்லை என்கிறீர்களா? ஒன்று, வெட்கம். இரண்டு, அவள் முகத்தில் இருந்த ஆனந்தம். மூன்று... மன்னிப்பவளாக நிற்பது எனக்குப் பிடித்திருந்தது.

வகுப்பு அவளுக்கே கிடைத்தது. அவளிடம் படிக்கும் எல்லோரும் அந்த லூப்பை எழுதுகிறார்கள். போன வாரம் ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், இத எடுத்துட்டாலும் ஓடுதே?"

"கோமுகிட்ட கேளு. நான் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்," என்று சபுரா பக்கத்தில் நின்ற என்னைக் காட்டினாள்.

"இருந்துட்டுப் போகட்டும், எடுக்காத," என்றேன்.

சபுரா சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தப் பெண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்...